ஹெர்குலிஸின் முதுகு: நூரன்பெர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை

முதல் நாள், நூரன்பெர்க்

ஜெர்மன் ஓவியரும் செதுக்குநருமான டூரரின் வீடு கோட்டைக்குக் கீழே, மதில் வாசலை ஒட்டி நிற்கிறது. கீழ் இரண்டு தளங்கள் மணற்கல், மேல் இரண்டும் மரச்சட்டமும் காரையும். 1509இல் வாங்கினார். 1528இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அக்கா மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே படியேறினோம்.

எதற்காக இந்தப் பயணம் என்று கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள் மறுமலர்ச்சிக் காலத்தில் அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருக்கவில்லை. ஒரு தாளின் வடிவில் வியாபாரி வீட்டுக்கும், வழக்கறிஞர் மேசைக்கும், பொற்கொல்லர் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஓவியம் ஒரே ஒரு சுவருக்குச் சொந்தம். செப்புத்தகடு ஒன்று இருந்தால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதிகள் எடுக்கலாம், சந்தையில் விற்கலாம், மூட்டை கட்டி அடுத்த நாட்டுக்கு அனுப்பலாம். அந்தத் தாள்களில் தெய்வங்கள் பாடம் நடத்தினார்கள். எந்த வழியில் போக வேண்டும், எதற்கு ஆசைப்படக் கூடாது, எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்றெல்லாம். அந்தப் பாடம் கோட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை.

வீட்டின் அச்சுப் பட்டறையில் செய்து காட்டினார்கள். தகட்டில் மையைத் தேய்த்து உள்ளே இறக்குகிறார்கள். மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு இழுப்பு. கீறலுக்குள் இருக்கிற மை மட்டும் மிஞ்சுகிறது. ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே விட்டால், தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வெளியே வருகிறது. ஆளி விதை எண்ணெய் வாசம் கையில் சாயங்காலம் வரை இருந்தது.

செதுக்குகிற கருவியை பியூரின் என்கிறார்கள். சதுரமான எஃகுக் கம்பி, சாய்வாகத் தீட்டிய முனை, உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி. என் அப்பா பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற வேலை பார்த்தவர். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளியாக எழுதுவார். எவர்சில்வர் குடத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குடத்தைத்தான் திருப்புவார், உளி அதே இடத்தில் இருக்கும். இங்கே சுத்தியல் இல்லை, உள்ளங்கையால் தள்ளுகிறார்கள். ஆனால் வளைவு வரும்போது இவர்களும் தகட்டைத்தான் திருப்புகிறார்கள். தோல் மெத்தையின் மேல் தகடு சுழல, செம்பு சுருள் சுருளாகக் கிளம்பி வந்தது. அதைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்.

டூரரின் அப்பா பொற்கொல்லர். மகனும் முதலில் அந்தத் தொழிலைத்தான் கற்றார். செப்புத்தகட்டுச் செதுக்கலே பொற்கொல்லர் பட்டறையில் பிறந்த கலை. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தச் செம்புச் சுருளைத் தொட்டபோதுதான் மனதில் இறங்கியது.

இரண்டாம் நாள், நூரன்பெர்க்

நிஜ அளவில் அச்சிட்ட ‘ஹெர்குலிஸ்’ பிரதி ஒன்று நேற்று வாங்கினேன். விடுதிச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்தேன். டூரர் இதை 1498 வாக்கில் செதுக்கினார். உயரம் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர்.

கதை கிரேக்கத்தில் பிரபலமானது. செனோஃபோன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதி வைத்தது. வாலிப வயதில் ஹெர்குலிஸ் தனியாக உட்கார்ந்து எந்த வழியில் போவது என்று யோசிக்கிறான். இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி சுகத்தைக் காட்டுகிறாள். இன்னொருத்தி, நல்லது எதையும் உழைக்காமல் தேவர்கள் தருவதில்லை என்கிறாள். அவன் இரண்டாமவளோடு போகிறான். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடத் தோதான கதை கிடையாது.

டூரரின் தாளில் அது அப்படி நடக்கவில்லை. இடது பக்கம் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன், அவனோடு சாய்ந்திருக்கும் ஆடையில்லாத பெண். நடுவில் முழுக்க உடுத்திய பெண் ஒருத்தி தடியை ஓங்கிக்கொண்டு அவளை அடிக்க வருகிறாள். வலது ஓரத்தில் ஒரு குழந்தை பறவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ஹெர்குலிஸ் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தலையில் சேவல் உட்கார்ந்த கவசம். ஒரு மரக்கம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்திருக்கிறான்.

அக்கா காபியை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் பொம்பளை எதுக்குடி அவளை அடிக்கிறா?"

"இவதான் நல்லொழுக்கம்க்கா. அவ சிற்றின்பம்."

"அப்ப இவன்? அடிக்கத் துணைக்கு வந்தானா, தடுக்க வந்தானா?"

அதைத்தான் 500 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கம்பு அடியைத் தடுக்கிற மாதிரியும் இருக்கிறது, அடிக்கப் போகிற மாதிரியும் இருக்கிறது. என் எண்ணம் இதுதான்: டூரருக்குப் பாடம் தெரியும், ஆனால் அவர் அதை ஒப்பித்துவிட்டுப் போக மனசில்லாமல் நின்றார். தேர்ந்தெடுத்து முடித்தவனை வரையவில்லை. அடி விழுவதற்கு முந்தின நொடியில் நிற்கிறவனை வரைந்தார். அவன் முகம் பாதிதான் தெரிகிறது. முடிவை அவனுடைய முதுகிடம் விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒழுக்கத்தைச் சொல்ல வந்த தாளில் நல்லவள் போர்த்திக்கொண்டும் கெட்டவள் ஆடையின்றியும் வருகிறாள். கண் போய் நிற்பது கெட்டவள் மேல். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அது தெரியும். புராணம் என்ற பெயர் இருந்ததால்தான் இந்த உடல்களை வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்தது. பாடத்தின் விலையைப் பெண்ணின் உடம்பு கொடுத்திருக்கிறது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. படத்தின் அழகு அந்த வருத்தத்தைப் போக்கவில்லை.

டூரரின் ‘நெமஸிஸ்’ செதுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. 1502 வாக்கில் செய்தது. இறக்கை வைத்த பெருத்த பெண் மேகத்துக்கு மேல் ஒரு உருண்டையில் நிற்கிறாள். ஒரு கையில் பொற்கிண்ணம், மறு கையில் கடிவாளம். தகுதியானவனுக்குப் பரிசு, தலைக்கனம் பிடித்தவனுக்குக் கடிவாளம். கருத்து இத்தாலியக் கவிஞர் பொலிட்சியானோவின் லத்தீன் கவிதையிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் கிண்ணம் நூரன்பெர்க் பொற்கொல்லர்கள் செய்கிற கிண்ணம். கீழே கிடக்கும் ஊர் ஆல்ப்ஸ் மலையில் உள்ள கிளவுசன் என்ற நிஜ ஊர். வீடுகளும் பாலமும் ஆறும் எறும்பளவில் தெரிகின்றன. தேவி அந்தச் சின்ன ஊரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மாலையில் யோஹானிஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். டூரரில் அழியக்கூடியதாக இருந்தது மட்டும் இந்த மேட்டின் கீழ் இருக்கிறது என்று நண்பர் பிர்க்ஹைமர் எழுதிய வாசகம் வெண்கலத்தில் இருக்கிறது. ரோஜாச் செடிகள் நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள், ரயிலில்

அக்கா ஊர் திரும்பிவிட்டாள். நூரன்பெர்க்கிலிருந்து ஆன்ட்வெர்ப் போக எனக்கு ஒரு பகல் பிடித்தது. இதே வழியில் 1520 ஜூலை 12 அன்று டூரர் மனைவி ஆக்னஸையும் பணிப்பெண் சுசான்னாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆகஸ்ட் 2 அன்று போய்ச் சேர்ந்தார். மூன்று வாரம். பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்துவிட்டதால், அவர் கொடுத்துவந்த வருடம் 100 கில்டர் உதவித்தொகை நின்றுபோகாமல் புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் உறுதி வாங்க வேண்டியிருந்தது.

பயணம் முழுக்க நாட்குறிப்பு எழுதினார். கோழிக்கு எவ்வளவு, ஒயினுக்கு எவ்வளவு, படகுக்காரனுக்கு எவ்வளவு என்று எல்லாம் கணக்கு. பாம்பெர்க் பிஷப்புக்கு ஒரு மாதா ஓவியமும் சில அச்சுத் தொகுதிகளும், ஒரு கில்டர் மதிப்புள்ள செதுக்கல்களும் கொடுத்தார். பதிலுக்கு சுங்க விலக்குச் சீட்டும் அறிமுகக் கடிதங்களும் கிடைத்தன. மைன் நதியில் சுங்கச்சாவடி வரும்போதெல்லாம் அந்தச் சீட்டை நீட்டிக் கடந்தார். ஹெர்குலிஸும் நெமஸிஸும் அந்த மூட்டையில் இருந்தார்கள். போகிற ஊரில் எல்லாம் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறார். கடிவாளம் பிடித்த தேவி அன்பளிப்பாகவும் காசாகவும் கை மாறிப் போனாள். கொலோன் தாண்டும்போது இதை எழுதுகிறேன். வெளியே மழை.

நான்காம் நாள், ஆன்ட்வெர்ப்

டூரரின் நாட்குறிப்பில் ஆன்ட்வெர்ப்பைப் பற்றி ஒரு வரி உண்டு. அவர் விடுதிக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆக்னஸும் பணிப்பெண்ணும் மாடியில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டார்கள். சந்தைகளுக்குப் போய் அவருடைய அச்சுகளை விற்றவள் ஆக்னஸ். தொழிலின் பாதியைச் சுமந்தவள். அந்த மாடிச் சமையலறையை நினைத்துக்கொண்டேதான் இன்று ஊரைச் சுற்றினேன்.

பிளான்டின்-மோரெட்டஸ் வீடு வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு அச்சகம், கடை, குடும்பம் எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி. 1600 வாக்கில் செய்த இரண்டு அச்சு இயந்திரங்கள் அப்படியே நிற்கின்றன. உலகில் மிஞ்சியிருப்பதில் மிகப் பழையவை அவைதான். பிழை திருத்துகிற அறையின் மேசை ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. அச்சகத்தின் சின்னம் ஒரு கவராயம். அதில் நகரும் கால் உழைப்பு, ஊன்றிய கால் உறுதி. ஹெர்குலிஸ் கதையில் நல்லொழுக்கம் சொன்னதையே இங்கே ஒரு கருவி சொல்கிறது.

ஆனால் எனக்கு இந்த ஊரில் முக்கியமானவர்கள் ஹிரோனிமஸ் கோக்கும் அவர் மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸும். 1548இல் அவர்கள் தொடங்கிய ‘நான்கு காற்றுகள்’ பதிப்பகம் இத்தாலியின் தெய்வங்களை வடக்கே இறக்குமதி செய்தது. மாந்துவாவிலிருந்து ஜியோர்ஜியோ கிஸி என்ற செதுக்குநரை வரவழைத்து ராஃபேலின் ஓவியங்களைத் தகட்டில் ஏற்றினார்கள். கோக் ஒரு தாளில் தங்கள் பெயர்களை வைத்தே சிலேடை போட்டார்: ‘சமையல்காரன் சமைக்கட்டும், ஜனங்களுக்காக.’ கோக் என்றால் சமையல்காரன். ஜனங்கள் என்பதற்கான சொல்லில் ஃபோல்க்ஸ்கன் பெயர் ஒளிந்திருக்கிறது. கணவர் 1570இல் இறந்த பிறகு, 1600இல் தான் சாகும்வரை அவளே பதிப்பகத்தை நடத்தினாள். முப்பது வருடம். ஆக்னஸின் சமையலறையை நினைத்து நடந்த எனக்கு இந்த முப்பது வருடம் பெரிய ஆறுதல்.

கோக்கிடம் வேலை செய்த ஓவியர் புரூகல் கப்பல் படங்கள் வரைந்தார். அதில் ஒன்றில் பெரிய போர்க்கப்பல் பாய் விரித்துப் போகிறது. மேலே, ஓரத்தில், மெழுகு இறக்கை கட்டிச் சூரியனுக்கு மிக அருகே பறந்த இகாரஸ் கொசு அளவில் விழுகிறான். கப்பல் அதை அறியாமல் போய்க்கொண்டிருக்கிறது. துறைமுகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன். உயரப் பறக்காதே என்று புரூகல் எங்கும் எழுதவில்லை. பாய் விரித்த கப்பலுக்கு யார் விழுந்தாலும் ஒன்றுதான் என்பதைக் காட்டிவிட்டு நின்றுகொண்டார்.

ஐந்தாம் நாள், ஹார்லெம்

இந்த ஊருக்காகத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டேன். செதுக்குநர் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸ் 1577இல் இங்கே வந்தபோது அவருக்கு வயது 19. ஊர் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பானியப் படை ஏழு மாதம் முற்றுகையிட்டு 1573 ஜூலையில் ஊரைப் பிடித்தது. காவல் வீரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1576இல் பெருந்தீ வேறு. கரியும் இடிபாடும் நிறைந்த ஊருக்கு ஒரு வாலிபன் செப்புத்தகட்டோடு வருகிறான்.

அவனைக் கூட்டி வந்தவர் கூர்ன்ஹெர்ட். எனக்கு இவர் மேல் தனி மரியாதை. செதுக்குநர், எழுத்தாளர், அரசியல்காரர். மாற்றுக் கருத்து உள்ளவர்களைக் கொல்லக் கூடாது என்று கத்தோலிக்கரிடமும் சீர்திருத்தக்காரரிடமும் ஒரே குரலில் வாதாடினார். இரு தரப்பிலும் திட்டு வாங்கினார். ஒடிஸியைப் பாதிவரை டச்சு மொழிக்குக் கொண்டுவந்தார். 1586இல் சாதாரண மக்கள் படிக்கும்படி அந்த மொழியிலேயே ஓர் அறநூல் எழுதினார். ஹேம்ஸ்கெர்க் வரைந்த அறக்கருத்துப் படங்களைத் தகட்டில் ஏற்றியவரும் இவரே. படமும் அறமும் இந்த மனிதர் கையில் ஒரே தொழிலாக இருந்தன.

கோல்ட்ஸியஸ் கைக்குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்தார். வலது கை வெந்து, நரம்புகள் ஒட்டிக்கொண்டு, விரல்கள் முழுக்க விரியாமலே போயின. நண்பர் வான் மாண்டர் 1604இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். விரியாத அந்தக் கைதான் ஐரோப்பாவிலேயே மிகக் கடினமான கோடுகளைப் போட்டது. உள்ளங்கையால் தள்ளுகிற கருவி அது. மடங்கிய கை அதற்கு வாகாக அமைந்துவிட்டது.

1588இல் அவர் அந்தக் கையையே பேனாவால் வரைந்தார். வளைந்த விரல்கள், முறுக்கிய நரம்புகள், நகம், மடிப்பு எல்லாம். செதுக்குக் கோட்டைப் போலவே ஒவ்வொரு பேனாக் கோடும் தடித்து மெலிகிறது. ஸ்பார்ன் ஆற்றங்கரையில் உள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. 1784இல் திறந்த இடம், முட்டை வடிவ மண்டபத்துக்குள் மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. தாளில் வரைந்தவை வெளிச்சத்தில் வாடும், அதனால் அவற்றை எப்போதும் வெளியே வைப்பதில்லை. நான் போன நாளில் அந்தக் கை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை. அது இருக்கிற கட்டடத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றேன்.

அப்புறம் பெரிய கோயில், புனித பாவோ. கோல்ட்ஸியஸ் 1617இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். யார் மேல் நடக்கிறோம் என்று தெரியாமல் நடக்க எனக்குக் கூசியது, ஓரமாகவே நடந்தேன்.

ஆறாம் நாள், ஆம்ஸ்டர்டாம்

ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் அச்சோவிய வாசிப்பறையில் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். கை கழுவிவிட்டு, பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து வைத்தார்கள்.

‘விழுந்த நால்வர்’. 1588. மூலச் சித்திரம் கோர்னெலிஸ் வான் ஹார்லெமுடையது, செதுக்கல் கோல்ட்ஸியஸ். நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். டான்டலஸ், இகாரஸ், ஃபேத்தன், இக்ஸியன். தேவர்களின் பந்தியையும், சூரியனின் உயரத்தையும், சூரியனின் தேரையும், ஜூபிடரின் மனைவியையும் ஆசைப்பட்டவர்கள். நாலு பேரும் தலைகீழாக வருகிறார்கள். ஒரே உடம்பை நாலு பக்கத்திலிருந்து பார்ப்பது போல, ஒவ்வொருவரும் வேறு வேறு திசையில் முறுகிக்கிடக்கிறார்கள்.

வட்டத்தின் விளிம்பைச் சுற்றி லத்தீன் ஓடுகிறது. எஸ்டியஸ் என்பவர் எழுதிய செய்யுள். இகாரஸைச் சுற்றி இருப்பதன் சாரம் இது: அறிவு கடவுளின் கொடை, அறிய ஆசைப்படுவதும் தெய்வீகமே, ஆனால் தன் எல்லைக்குள் நிற்பதே முறை. படிக்க வேண்டுமானால் தாளைச் சுற்ற வேண்டும், அல்லது தலையைச் சுற்ற வேண்டும். நான் மேசையைச் சுற்றி நடந்தேன். பாடத்தைப் படிக்கப் படிக்க விழுகிறவன் மேலே போகிறான், கீழே வருகிறான், மறுபடி மேலே போகிறான்.

உருப்பெருக்கியை வைத்தேன். ஒரு கோடு ஊசிமுனையாகத் தொடங்குகிறது. தொடையின் திரட்சி வரும்போது தடிக்கிறது. மறுபக்கம் இறங்கும்போது மறுபடி ஊசிமுனையாகிறது. பக்கத்துக் கோடும் அதற்கடுத்ததும் அப்படியே. குறுக்கே இன்னொரு வரிசை. நடுவில் விழும் கட்டங்களுக்குள் ஒரு புள்ளி. ஒரு கோடு பிசகினாலும் தசை குழிந்துவிடும். செம்பில் தப்பை எளிதில் அழிக்க முடியாது.

இங்கேதான் எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. சுற்றியிருக்கும் எழுத்து எல்லைக்குள் நில் என்கிறது. உள்ளே உள்ள கோடு எந்த எல்லைக்குள்ளும் நிற்கவில்லை. அதுவரை யாரும் செய்யாததைச் செய்கிறது. அதைச் செய்தவருக்கோ விரல்கள் விரியாத கை. டச்சு நாட்டார் ஏழு வருடம் முன்புதான், 1581இல், தங்கள் அரசரையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள். ஹார்லெம்காரன் ஒருவன் இந்தத் தாளை வாங்கிச் சுவரில் மாட்டியபோது விளிம்பை மட்டும் படித்திருப்பான் என்று நான் நம்ப மாட்டேன். விழுகிற உடம்பின் மேல் கோல்ட்ஸியஸ் காட்டியிருக்கும் கவனம் தண்டிக்கிறவனுடைய கவனம் இல்லை. டூரரின் ஹெர்குலிஸ் கம்பைக் குறுக்கே பிடித்து நின்றானே, அதே தயக்கம் இந்தக் கோட்டிலும் இருக்கிறது. அறத்தைச் சொல்லச் சொன்னார்கள், இவர்களும் சொன்னார்கள். ஆனால் அடி வாங்குகிறவனைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

கடைசியாக ஒரு தாள் மட்டும் கேட்டேன். ஃபர்னீஸ் ஹெர்குலிஸ் என்ற பழைய ரோமானியச் சிலையின் படம்.

1590இல் கோல்ட்ஸியஸ் இத்தாலிக்குப் போனார். ஏற்கெனவே பெரிய பெயர் வந்துவிட்டதால் வேஷம் மாற்றி, தன் வேலைக்காரனையே எஜமானாக்கிக்கொண்டு போனார் என்கிறார் வான் மாண்டர். ரோமில் பஞ்சமும் கொள்ளைநோயும். அவர் சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் வரைந்ததிலிருந்து 1592 வாக்கில் இந்தத் தகட்டைச் செதுக்கினார். தாள் வெளியானது அவர் இறந்த 1617இல்.

எல்லோரும் முன்பக்கத்திலிருந்து பார்க்கும் சிலையை அவர் பின்பக்கத்திலிருந்து வரைந்தார். மலை போன்ற முதுகு. பணிகளை முடித்த ஹெர்குலிஸ் தண்டாயுதத்தின் மேல் சாய்ந்து களைத்து நிற்கிறான். கீழே, அந்தப் பக்கம், டச்சு உடையில் இரண்டு பேர் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். முகம் நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறான். அதற்குள் ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்து ஆப்பிள்கள். இத்தனை உழைப்புக்கும் கிடைத்த பலன். அது அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

நூரன்பெர்க்கில் வாங்கிய பிரதியை இன்று பையில் எடுத்து வந்திருந்தேன். அறைக்குள் கொண்டுபோக முடியாது, வெளியே பூட்டிய அலமாரியில் இருந்தது. இருந்தாலும் இரண்டு முதுகுகளும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. கம்பை இரண்டு கையால் பிடித்து, எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லாத வாலிபன் ஒருவன். எல்லாம் முடித்து, கிடைத்ததைப் பின்னால் மறைத்து நிற்கிற களைத்தவன் ஒருவன்.

நேரமாகிவிட்டது என்று மெதுவாக வந்து சொன்னார்கள். மெல்லிய தாளை மேலே போர்த்தினார்கள். விரல்கள் மடங்கிய அந்தக் கை கொஞ்ச நேரம் அதன் வழியே தெரிந்தது.